ஐந்து பைசாத் தலையும் ஒரு பீப்பாய் உப்புநீரும்

என் தகப்பனார் காலமான பிறகு அவருடைய தகரப்பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்த பழைய கடித உறைகள் ஒரு கட்டு அகப்பட்டன. பெண்ணுக்கு வளைகாப்பு வைத்திருப்பதும், இந்தப் போகம் நெல் விலை இறங்கிப்போனதும், பாட்டியின் மூட்டுவலி நாட்டு எண்ணெய்க்குக் கட்டுப்பட்டதுமான குடும்ப விஷயங்களைச் சுமந்து 1972-ம் வருஷத்தில் எங்கள் ஊருக்கு வந்த அந்த உறைகளில், வழக்கமான தபால்தலைக்குப் பக்கத்தில் ஐந்து பைசாத் தலை ஒன்றும் தவறாமல் ஒட்டியிருந்தது. அகதிகளின் உதவிக்காக இந்திய சர்க்கார் விதித்த வரி அது. 1971 நவம்பர் 15-ம் தேதி அமலுக்கு வந்தபோது தனித் தலை அச்சிட அவகாசம் போதாமல், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்காக வைத்திருந்த ஐந்து பைசாத் தலையின் மேலேயே எழுத்தைப் பொறித்து வெளியிட்டார்கள். தனித் தலை டிசம்பரில்தான் வந்தது. வங்காளத்தைக் கண்ணாலும் கண்டிராத எங்கள் ஊர் ஜனங்கள், தபாலாபீஸ் ஜன்னலில் அந்த ஐந்து பைசாவைக் கூடச் சேர்த்து வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்கள். அந்தக் காசு சென்று சேர்ந்த திக்கில் என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை, அந்தக் கட்டை அவிழ்த்த நாளிலிருந்து என்னை விடவில்லை.

1971 மார்ச் 25-ம் தேதி இரவு டாக்கா நகரில் பாகிஸ்தான் ராணுவம் தொடங்கிய கொலைத்தாண்டவம் கிராமங்களுக்கும் பரவவே, கிழக்கு வங்காளத்து ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லையை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். அந்த வருஷ முடிவுக்குள் இந்தியாவுக்குள் வந்தவர்களின் தொகை சர்க்கார் பதிவேட்டின்படி 98,99,305. இவர்களில் ஏறத்தாழ 75 லட்சம் பேர் மேற்கு வங்காளத்தில் தங்கினார்கள். சுமார் 15 லட்சத்து 56 ஆயிரம் ஜனத்தொகையே கொண்ட திரிபுராவில் 14 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து புகுந்தார்கள். அதாவது வீட்டுக்காரர் எத்தனை பேரோ, வந்த விருந்தினரும் அநேகமாக அத்தனை பேர். 825 முகாம்களில் 68 லட்சம் பேர் அடைக்கலம் பெற, மீதிப் பேர் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் சிநேகிதர் வீட்டுத் தாழ்வாரங்களிலும் முடங்கிக்கொண்டார்கள். கல்கத்தாவின் ஓரத்தில் உப்பேரி என்று பெயர் பெற்ற சால்ட் லேக் வெளியில், சாக்கடை போடுவதற்காகக் கொண்டுவந்து போட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களே பல குடும்பங்களுக்கு வீடாயின. அரிசியும் பருப்பும் கூடாரத்துணியும் எங்கிருந்து வந்தன, எந்தத் தேசம் எவ்வளவு கொடுத்தது என்பதெல்லாம் பல நூல்களில் எழுதப்பட்டிருக்கின்றன. நான் சொல்ல வந்தது, எல்லையோரத்து ஓர் ஊரில் இரண்டு அறைகளில் நடந்த காரியத்தை.

அந்த ஊர் பங்காவ். கல்கத்தாவிலிருந்து ஜெஸ்ஸூருக்குச் செல்லும் பழைய ராஜபாட்டையில் எல்லைக்குச் சமீபத்தில் இருக்கும் சிறு பட்டணம். அதன் சுற்றுவட்டாரத்தில் மூன்றரை லட்சம் அகதிகள் சேர்ந்துவிட்டார்கள். மழைக்காலம் பிறந்தது, குடிநீரும் கழிநீரும் ஒன்றாயின, வாந்திபேதி புகுந்துவிட்டது. ஒருவனைச் சபிக்க வேண்டுமானால் பேதியில் போக வேண்டும் என்று நம் கிராமத்துக் கிழவிகள் வாய் கூசாமல் சொல்லிவந்தார்களே, அந்தச் சாபத்துக்குப் பின்னால் எத்தனை தலைமுறைகளின் அநுபவம் ஒளிந்திருக்கிறது என்பதை இந்நோயின் போக்கை அறிந்தவர்களே உணர்வார்கள். காலையில் திடமாக நடந்த மனிதனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வீதம் அரிசி கழுவிய நீரைப் போன்ற பேதி போகும். கண்கள் குழிந்து, குரல் கம்மி, கிள்ளி விட்ட தோல் மடிப்பு மடிப்பாகவே நின்று, விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியவைபோலச் சுருங்கி, நாடி விரலுக்கு எட்டாமல் மறைந்து, அஸ்தமனத்துக்குள் உயிர் போய்விடும். கிருமி நேராகக் கொல்வதில்லை. உடம்பிலுள்ள நீரும் உப்பும் வடிந்துபோவதுதான் கொல்கிறது. போனதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மனிதன் எழுந்து உட்காருவான். இது வைத்தியர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த சமாசாரம்தான். ஆயினும் அவர்கள் நம்பிய மார்க்கம் ஒன்றே ஒன்று: நரம்பில் ஊசி குத்தி ஸலைன் ஏற்றுவது. அதற்குக் கொதிக்க வைத்துச் சுத்தி செய்த நீர் வேண்டும், கண்ணாடிப் புட்டி வேண்டும், குழாய் வேண்டும், வற்றிச் சுருங்கிய நரம்பைத் தேடிப் பிடிக்கும் பழகிய கை வேண்டும். நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு இவை கிடைக்கும். மூன்றரை லட்சம் பேர் சேற்றில் கிடக்கும் இடத்தில் எங்கே போவது?

ஜூன் மாதக் கடைசியில் பங்காவ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை வைத்தியர். 1934-ல் கிழக்கு வங்காளத்துக் கிஷோர்கஞ்சில் பிறந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் வேலை பார்த்துத் திரும்பி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திவந்த ஆராய்ச்சி நிலையத்தில் வாந்திபேதியைப் பற்றியே சில வருஷங்களாக ஆராய்ந்துகொண்டிருந்தவர். அங்கே அவர் கண்டது படுக்கைகளை அல்ல, மனிதர்களால் மூடிக்கிடந்த தரையை. இரண்டு அறைகளிலும் நோயாளிகள் இடைவெளியின்றிக் கிடக்க, ஒருவனுக்கு ஊசி போட வேண்டுமானால் மற்றவர்களுடைய பேதியிலும் வாந்தியிலும் முழந்தாளிட்டுத்தான் போட வேண்டியிருந்தது. அவருடன் வந்தவர்களில் நரம்பில் ஸலைன் ஏற்றத் தெரிந்தவர்கள் இருவரே. இரண்டு வாரத்துக்குள் கைவசமிருந்த ஸலைன் கரைந்துகொண்டே வந்தது. இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. தம்முடைய பிறந்த மண்ணின் பேச்சைப் பேசிக்கொண்டே அந்த ஜனங்கள் தம் காலடியில் சாவதைக் கண்ட மனிதரின் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வழி ஒன்று இருக்கிறதென்பதை அவர் அறிவார். குளுக்கோஸ் குடலின் சுவரைக் கடக்கும்போது உப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது, உப்பின் பின்னால் நீரும் போகிறது, பேதி கடுமையாக இருக்கும் சமயத்திலும் இந்தக் கதவு மட்டும் மூடுவதில்லை என்ற உண்மை 1960-களில் ஸ்திரப்பட்டிருந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாய்வழியே உப்புக் கரைசல் கொடுத்து நோயாளிகளைத் தேற்றிய விவரத்தை 1953-லேயே லான்செட் பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். அன்று அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1968-ல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் காஷ் என்ற இளம் அமெரிக்க வைத்தியர்கள் தக்க கணக்கோடு அதை நிரூபித்துக் காட்டினார்கள். ஆனால் அவையெல்லாம், குடித்ததையும் கழித்ததையும் அளந்து குறித்துவைக்கத் தேர்ந்த ஊழியர்கள் காவலிருந்த இடங்களில் நடந்த பரீட்சைகள். படிப்பறியாத ஜனங்கள் கையில் இதைக் கொடுப்பது அபாயம் என்பதே பெரும்பாலான நிபுணர்களின் அபிப்பிராயமாக இருந்தது. காய்ச்சல்காரனுக்கும் பேதிக்காரனுக்கும் உப்பிட்ட நொய்க்கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டிய நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருந்தால், அவர்கள் இவ்வளவு தூரம் பயந்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மஹலனாபிஸ் தயங்கவில்லை, தயங்குவதற்கு அவரிடம் வேறு எதுவும் மிச்சமில்லை என்றும் சொல்லலாம். எத்தனையோ விதமான கலவைகள் இருந்தும், மிகக் குறைந்த சரக்குகளைக் கொண்ட, கடைத்தெருவில் எளிதில் அகப்படக்கூடிய ஒன்றையே தேர்ந்தெடுத்தார்: ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு மூன்றரை கிராம், சமையல் சோடா இரண்டரை கிராம். கல்கத்தா நிலையத்தின் புத்தகசாலை அறை கலவைச்சாலையாக மாறியது. ஒருவர் குளுக்கோஸை நிறுத்துப் பிளாஸ்டிக் பையில் கொட்டுவார். அடுத்தவர் உப்பையும் சோடாவையும் நிறுத்துச் சேர்ப்பார். மற்றொருவர் எத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும் என்ற சீட்டை உள்ளே வைத்து, காய்ச்சிய இஸ்திரிப்பெட்டியால் பையின் வாயை அழுத்தி மூடுவார். 4 லிட்டருக்கு ஓர் அளவு, 16 லிட்டருக்கு ஓர் அளவு. ஆன செலவு லிட்டருக்குப் பதினொரு பைசா. தகப்பனாருடைய கட்டிலிருந்த இரண்டு உறைகளின் ஐந்து பைசாத் தலைகளோடு இன்னும் ஒரு பைசா சேர்த்தால் ஒரு லிட்டர் தயாராகிவிடும் என்று கணக்குப் போட்டபோது, அந்த உறைகளை நான் மறுபடி எடுத்துத் தடவிப் பார்த்தேன்.

இந்தப் பைகள் பங்காவுக்கு வந்ததும், அடியில் குழாய் வைத்த பெரிய பீப்பாய்களில் கரைக்கப்பட்டன. அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம். அந்த நீரை நோயாளியின் வாயில் வார்ப்பதற்கு வைத்தியர் இல்லை, தாதியும் போதவில்லை. ஆகவே குவளையைத் தாயிடமும், மனைவியிடமும், அண்ணனிடமும் கொடுத்து, பீப்பாயில் பிடித்து வந்து, நோயாளி குடிக்கக்கூடிய மட்டும் விடாமல் கொடுத்துக்கொண்டேயிருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாந்தி எடுத்தாலும் நிறுத்த வேண்டாம், கொஞ்சம் பொறுத்து மீண்டும் கொடுங்கள் என்றார்கள். மருந்து என்றால் ஊசியும் புட்டியும்தான் என்று நினைத்தவர்கள் மனம் தளராதிருக்கும்பொருட்டு, அந்த நீருக்கு வாயால் குடிக்கும் ஸலைன் என்றே பெயரும் வைத்தார்கள். அகதி என்னும் வடசொல்லுக்குக் கதியற்றவன் என்பது பொருள். முகாம்களின் நடைமுறையும் அந்தப் பொருளை ஒட்டியதாகவே இருந்தது: அவன் வரிசையில் நிற்பவன், அட்டையை நீட்டுபவன், அளந்து போட்டதை வாங்கிக்கொள்பவன். அப்படிப்பட்டவனிடம் ஒரு குவளையைக் கொடுத்து, உன் பிள்ளையின் பிராணன் உன் கையில் இருக்கிறது என்று சொன்ன வைத்தியரை நிவாரண சரித்திரத்தில் மிக உயர்ந்த ஸ்தானத்தில் வைக்கிறேன். பற்றாக்குறைதான் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது என்பது மெய்யே. ஆனால் அதே பற்றாக்குறையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதும் சாத்தியமாகத்தான் இருந்தது.

எட்டு வாரங்களில் 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அந்த அறைகளுக்கு வந்துபோனார்கள். முகாம்களில் நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரண விகிதம், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6-ஆக இறங்கியது. கலவையின் செய்முறையைத் துண்டுப் பிரசுரங்களாக அச்சிட்டு எல்லையோரம் நெடுகப் பரப்பினார்கள். மறைவாக நடந்துவந்த வங்காள தேச வானொலியும் அதை ஒலிபரப்பியது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீமன் பருவா முகாமுக்கு நேரில் வந்து பார்த்து நம்பிக்கை கொண்டு, பிற்காலத்தில் அந்த ஸ்தாபனத்தின் வயிற்றுப்போக்கு நோய்த் திட்டத்துக்கே தலைவராக இருந்து இம்முறையைத் தேசந்தோறும் கொண்டுசேர்த்தார். ஆயினும் வைத்திய உலகம் எளிதில் இணங்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத கூட்டம் ஒன்றைத் தனியே வைக்கவில்லையே என்றார்கள். சாகக் கிடக்கும் பிள்ளைகளில் பாதியை ஒதுக்கிவைத்துப் பரீட்சை பண்ண அவருக்கு மனம் வந்திருக்குமா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய கட்டுரை 1973-ல்தான் அச்சேறியது. 1978-ல் லான்செட் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான வைத்திய முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்ற கருத்தில் எழுதியது. மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் விருது அதற்குப் பிறகு, 2023-ல் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்தபோதே அதை அவருக்குச் சூட்டிப் பார்க்க இந்தத் தேசத்துக்கு ஐம்பது வருஷம் அவகாசம் இருந்தது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

1971 டிசம்பர் 16-ம் தேதி கிழக்கு வங்காளத்து யுத்தம் முடிந்தது. புது வருஷம் பிறந்ததும் ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பலானார்கள். ஜனவரியில் நாளொன்றுக்குச் சராசரி இரண்டு லட்சம் பேருக்கு மேல் எல்லையைக் கடந்தார்கள். மார்ச் கடைசிக்குள் முகாம்கள் அநேகமாகக் காலியாகிவிட்டன. நம்முடைய உறைகளில் ஐந்து பைசாத் தலை 1973 மார்ச் 31 வரை ஒட்டப்பட்டுக்கொண்டிருந்தது. திரும்பிச் சென்றவர்களின் எரிந்துபோன வீடுகளை மீண்டும் எழுப்புவதற்காக, சில்ஹெட் பகுதியிலுள்ள சுல்லா என்னும் இடத்தில் 1972-ல் ஃபஸ்லே ஹஸன் ஆபெத் தொடங்கிய சிறு நிவாரண முயற்சிதான் பிராக் என்ற பெயரால் பிறகு பெரிதும் பிரசித்தி அடைந்தது.

அந்த ஸ்தாபனம் 1980-ல் ஒரு காரியத்தை மேற்கொண்டது. பொட்டலம் எட்டாத கிராமங்களில் பொட்டலமே இல்லாமல் இந்த உப்புநீரைக் கலக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுப்பதென்று தீர்மானித்து, இளம் பெண்களைப் பயிற்றி வீடு வீடாக அனுப்பினார்கள். அரை சேர் தண்ணீர், மூன்று விரல் சேர்த்து எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், இவ்வளவுதான் பாடம். வந்தவள் தானே கலந்து காட்டிவிட்டுப் போனால் மனத்தில் தங்காது என்று கண்டு, வீட்டுக்காரியையே கலக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பத்து வருஷத்தில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளின் படி ஏறினார்கள். பாடம் சொன்ன பெண்ணுக்குக் கூலி, அவள் எத்தனை வீடு போனாள் என்பதை வைத்துக் கொடுக்கப்படவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் அந்தக் கிராமத்துக்குப் போய், சில வீடுகளில் தாயை அழைத்து, என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்பார். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலையும் மற்ற இரு விரல்களையும் குவித்து உப்பை எடுக்கும் விதம் சரியாக இருந்தால், கற்றுக்கொடுத்தவளின் பெயருக்கு நேரே முழுக் கூலி எழுதப்படும்.