சிட்னி ஆளுநர் மாளிகை நிலத்தின் எல்லை வரையறை (1792–1816)

குடியேற்ற அரசுகள் நிலத்தின்மீது தம் உரிமையை நிறுவ எல்லைக் கோட்டையே முதன்மைக் கருவியாகக் கொண்டன. ஆயினும் அக்கோடு யாரை நோக்கி வரையப்பட்டது என்பது தனித்து ஆராயத்தக்கது. சிட்னி ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்த நிலத்தின் எல்லை கால் நூற்றாண்டுக்குள் மீண்டும் மீண்டும் வரையறுக்கப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை அவ்வகையில் நோக்குகிறது.

1788இல் குடியேற்றத்தை நிறுவிய ஆளுநர் ஆர்தர் பிலிப், 1792 டிசம்பரில் நாடு திரும்புமுன், மாளிகைக்குக் கிழக்கிலுள்ள நிலத்தை அரசின் பயன்பாட்டிற்கென ஒதுக்கினார். வூலூமூலூ விரிகுடாவின் தலைப்பகுதியிலிருந்து சிட்னித் துறையை நோக்கி வெட்டப்பட்ட அகழியே அதன் எல்லையாயிற்று. நகரின் உள்ளெல்லைக்குட்பட்ட நிலத்தை எவருக்கும் வழங்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்பதும் அவர் விதித்த நெறியாகும்.

இந்நெறியை முதலில் மீறியது ஆட்சியே. பிலிப்பை அடுத்து நிருவாகம் ஏற்றோர் நகர நிலத்தைக் குத்தகைக்கு விட்டனர். ஒதுக்கிய நிலத்தினுள்ளும் தனியார் உடைமைகள் எழுந்தன. ஆகவே ஆளுநர் வில்லியம் பிளை பழைய எல்லையை மீட்க முற்பட்டார். அவர் ஆணைப்படி ஜேம்ஸ் மீகன் 1807 அக்டோபரில் வரைந்த நகர வரைபடம், குத்தகைகளையும் பட்டியலிடுகிறது. மாளிகையை ஒட்டிய வீடுகளை அகற்றுமாறு பிளை இட்ட ஆணை, 1808 ஜனவரி 26இல் அவரைப் பதவி நீக்கிய கிளர்ச்சிக்கு வழிவகுத்த மனக்குறைகளுள் ஒன்றாயிற்று.

அடுத்து வந்த லாக்லன் மக்குவாரி எல்லையை மதிலாக்கினார். 1816 ஏப்ரலில் அந்நிலத்தினுள் அத்துமீறிப் புகுந்ததாகக் கூறி, கைதிகள் அல்லாத மூவருக்கு நீதிமன்ற விசாரணையின்றி 25 கசையடிகள் அளிக்கச் செய்தார். இச்செயல் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு அனுப்பப்பட்ட மனுவிலும் குற்றச்சாட்டாக இடம்பெற்றது. தாளில் இருந்த கோடு, இங்கு உடலில் பதியும் அதிகாரமாயிற்று.

மேற்கண்ட பூசல்கள் அனைத்தும் குடியேறியோருக்குள் நிகழ்ந்தவை. அகழியும் வரைபடமும் மதிலும் குத்தகைதாரரையும் அத்துமீறுவோரையும் கருதியே எழுந்தன. அந்நிலத்தின் தொல்குடியினரான கடிகல் மக்கள் எந்த வரையறையிலும் உரிமைத் தரப்பாக இடம்பெறவில்லை. ஆயினும் அவர்கள் அங்கேயே இருந்தனர். எல்லை வெட்டப்பட்ட பின்னரும், 1795இல், மாளிகை நிலத்தை ஒட்டிய பண்ணைத் துறையின் தலைப்பகுதியில் தொல்குடியினர் தம் இளைஞர்க்குரிய சடங்கை நிகழ்த்தியதை டேவிட் காலின்ஸ் பதிவு செய்துள்ளார். அகழி அவர்தம் நில உறவைத் துண்டித்துவிடவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

தனியார் குத்தகையிலிருந்து மீட்கப்பட்டமையாலேயே அந்நிலம் இன்று பொதுப் பூங்காவாகவும் தாவரவியல் தோட்டமாகவும் எஞ்சியுள்ளது. இப்பயனை ஏற்கும் வேளையில், எல்லை ஆவணங்களை நிலவுரிமையின் முழுச் சான்றாகக் கொள்ளலாகாது. அவை பூசலிட்ட தரப்புகளை மட்டுமே காட்டுகின்றன. தரப்பாகவே கருதப்படாதோரை அறிய, காலின்ஸ் பதிவு போன்ற பிற சான்றுகளோடு அவற்றை இணைத்து வாசித்தல் இன்றியமையாதது.