திருக்கணிதம்: நிளாக்கரையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள்

பஞ்சாங்கக் கணிதத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இரு மரபுகள் உண்டு. 2025 மார்ச் 29-இல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி நிகழ்ந்தும், வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அன்று பெயர்ச்சி விழா நடக்காததால் இந்த வேறுபாடு மேட்டுப்பாளையத்து வாசகர்களுக்கும் தெரிந்ததே. திருக்கணிதத்தில் உள்ள 'திரு' மங்கலச் சொல்லன்று. பார்வையைக் குறிக்கும் 'த்ருக்' என்னும் வடசொல் தமிழ் நாவில் அவ்வாறு திரிந்தது. கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்துவரும் கணிதம் என்பதே அதன் பொருள். அப்பெயரிலேயே 1431-இல் நூல் செய்தவர் வடசேரி பரமேசுவரன் நம்பூதிரி.

ஆனைமலையில் தோன்றி, பொள்ளாச்சிப் பக்கமிருந்து நீர் வாங்கிக்கொண்டு மேற்கே போகும் பாரதப்புழைக்கு நிளா என்றும் பெயர். அது கடலைச் சேரும் பகுதியில் வாழ்ந்த பரமேசுவரன், கணித அறிஞர் மாதவனிடம் பயின்றவர். ஆரியபடீயத்துக்கும் சோதிட நூல்களுக்கும் உரை எழுதியவர். கேரளத்தில் அப்போது வழங்கிய கணித முறை, கி.பி. 683-இல் ஹரிதத்தர் வகுத்த பரஹிதம். ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து, ஏட்டில் கணித்த நாழிகை ஒன்றாகவும் வானில் கிரகணம் பிடித்த நாழிகை வேறாகவும் ஆகிவிட்டன. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம்.

சூரியனைக் கிரகணம் தொட்டதும் வெயிலில் நின்று, தன் நிழலைத் தன் பாதத்தாலேயே அடி அடியாக அளந்து, அந்த அடிக்கணக்கிலிருந்து பொழுதை வருவிப்பது அக்காலத்தார் அறிந்த முறை. இவ்வாறு வானத்தையும் ஏட்டையும் பரமேசுவரன் 55 ஆண்டுகள் ஒப்புநோக்கினார் என்று, அவருடைய மகன் தாமோதரனின் மாணவரான நீலகண்ட சோமயாஜி எழுதிவைத்திருக்கிறார். ஒரு மனிதனின் இளமையும் முதுமையும் அந்த ஒரே வேலையில் கழிந்தன என்பது வணங்கத்தக்க செய்தி.

வருவது உரைப்பவர் என்றதும் நினைவுக்கு வரும் நாஸ்திரதாமஸ் பிரான்சில் தம் தீர்க்கதரிசன நூலை வெளியிட்டது, பரமேசுவரனின் நூலுக்கு 124 ஆண்டுகள் கழித்து, 1555-இல். அவர் செய்யுட்களில் பெரும்பாலானவற்றுக்கு நாளும் இல்லை, இடமும் இல்லை. நிகழ்ச்சி முடிந்தபின் அவற்றுக்குப் பொருள் பொருத்தப்பட்டது. பரமேசுவரன் சொன்னதோ நாளும் நாழிகையும் குறித்த சொல். பிழைத்தால் முற்றத்தில் நிற்கும் சிறுவனும் கண்டுபிடித்துவிடுவான். தீர்க்கதரிசி என்னும் பட்டம் அவருக்கே உரியது.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் கொங்கு நாட்டின் மீது வளையச் சூரிய கிரகணம் கடந்தது. அந்த நேரமும் முன்பே நிமிடக் கணக்கில் குறிக்கப்பட்டிருந்தது.