மேசைக்கு வந்த மெக்சிகோ

டெக்சாஸில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை மாலை வெளியே சாப்பிடலாம் என்று கிளம்பினால், அதிகம் யோசிக்காமல் கார் திரும்பும் இடம் மெக்சிகன் உணவகம். பர்கர் கடையைப் போல அள்ளிப் போட்டுக்கொண்டு எழ வேண்டியதில்லை. ஸ்டேக் உணவகத்தைப் போல பில்லைப் பார்த்து வியர்க்கவும் வேண்டாம். உட்கார்ந்ததும் வறுத்த சோளச் சில்லும் காரச் சட்னியான சல்சாவும் கேட்காமலே வரும், பெரும்பாலும் இலவசமாக. குழந்தைகள் சத்தம் போட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் இதே சாப்பாட்டை மெக்சிகோ சிட்டியில் போய்த் தேடினால் பாதி கிடைக்காது. அந்த மேசையில் இருக்கும் பலவற்றுக்கும் பிறந்த ஊர் எல்லைக்கு வடக்கேதான்.

முதல் ஊர் டெக்சாஸின் சான் அன்டோனியோ. 1880களில் அங்கிருந்த மிலிட்டரி பிளாசா பகலில் சந்தை, வண்டிப்பேட்டை. பொழுது சாய்ந்தால் சாப்பாட்டுக் கடைத்தெரு. மெக்சிகப் பெண்கள் வீட்டில் சமைத்த பெரிய பானைகளை வண்டியில் ஏற்றி வந்து மெஸ்கீட் விறகுத் தீயில் சூடாக வைத்திருப்பார்கள். (மெஸ்கீட் வேறெதுவுமில்லை, நம் ஊர்க் கண்மாய்களை விழுங்கிய சீமைக்கருவேலத்தின் பங்காளி.) மெழுகுத்துணி விரித்த நீள மேசை, வண்ணக் கண்ணாடி விளக்கு, பக்கத்தில் பாட்டுக்காரர்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம் போட்டு வேகவைத்த இறைச்சிக் குழம்பான சில்லி, கூடவே பீன்ஸ், மெல்லிய ரொட்டியான டார்ட்டியா. மாடு மேய்ப்பவர், சிப்பாய், ரயிலில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணி எல்லோரும் ஒரே பெஞ்சில். இந்தப் பெண்களுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘சில்லி குயீன்ஸ்’. எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன் 1895இல் வந்து சாப்பிட்டுவிட்டு, அந்தக் காரத்தை நரகத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக்கென்று தனிக் கடை போட்டிருந்தார்கள்.

சாப்பாட்டின் புகழ் பரவியதே தவிர, அதைச் சமைத்தவர்களின் இடம் சுருங்கிக்கொண்டே போனது. மிலிட்டரி பிளாசாவின் நடுவில் நகர மண்டபம் எழுந்ததும் அவர்கள் வேறு மைதானங்களுக்கு நகர்ந்தார்கள். 1930களின் கடைசியில் சுகாதார விதிகள் வந்தன. பாத்திரம் கழுவுவதற்கும் ஈ மொய்க்காமல் மூடி வைப்பதற்கும் திறந்தவெளிக் கடையால் நிறைவேற்ற முடியாத நிபந்தனைகள். 1940களின் தொடக்கத்தில் அந்தக் கடைகள் அநேகமாக இல்லாமலாகிவிட்டன.

இடைப்பட்ட காலத்தில் லாபம் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட், 1890களில் காய்ந்த மிளகாயையும் சீரகத்தையும் அரைத்து, புட்டியில் அடைத்து ‘சில்லி பவுடர்’ என்று விற்றார். அந்தப் பொடியை வைத்து அயோவாவில் இருக்கும் இல்லத்தரசியும் சில்லி வைக்கலாம். டெக்சாஸ் மெக்சிகன் சமையலில் சீரகம் இவ்வளவு தூக்கலாக இருப்பது மெக்சிகோவின் உள்நாட்டுச் சமையலில் காணாத வழக்கம். தமிழ் நாக்குக்கு அந்த உணவகங்கள் முதல் நாளே பழகிப்போவதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று மிளகாய், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலேறி நம்மிடம் வந்து சேர்ந்ததுதானே அது.

1900ஆம் ஆண்டில் சான் அன்டோனியோவின் லோசோயா தெருவில் ஒரு கடை திறந்தது. நடத்தியவர் ஓட்டிஸ் ஃபார்ன்ஸ்வொர்த், சிகாகோக்காரர். வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டுக்காக மெக்சிகர் குடியிருப்புக்குப் போய் வருவதைக் கவனித்தவர், அந்தச் சாப்பாட்டையே அவர்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டார். கடைக்குப் பெயர் ‘தி ஒரிஜினல் மெக்சிகன் ரெஸ்டாரன்ட்’. சிகாகோக்காரர் நடத்தும் கடைக்கு ‘ஒரிஜினல்’ என்று பெயர் வைக்கும் துணிச்சலை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. மேசைக்கு விரிப்பு உண்டு. ஆண்கள் கோட்டு போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். ஆவியில் வெந்த சோளமாவுப் பொட்டலமான தமாலே, சில்லி, டார்ட்டியாவைச் சுருட்டிக் குழம்பு ஊற்றிய என்சிலாடா, பீன்ஸ், சோறு எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு ஒரு சாப்பாடு. இன்றைக்கு மெனுவில் ‘1ஆம் நம்பர் டின்னர்’, ‘2ஆம் நம்பர் டின்னர்’ என்று வரிசை கட்டி நிற்கும் கூட்டுத்தட்டுக்கு இதுவே முன்னோடி. அந்தப் பெருமைக்கு டல்லாஸில் 1918இல் தொடங்கிய எல் ஃபெனிக்ஸ் குடும்பமும் உரிமை கொண்டாடுவதுண்டு.

யார் முதலில் செய்தார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தட்டு செய்த வேலை பெரிது. பெயர் உச்சரிக்கத் தெரியாதவர் நம்பரைச் சொன்னால் போதும். பில் எவ்வளவு வரும் என்று உட்காரும்போதே தெரியும். பயமில்லாமல் புதுச் சாப்பாட்டைத் தொட்டுப் பார்க்கலாம். நடுத்தர விலை மெக்சிகன் உணவகம் என்ற வகையே இதிலிருந்துதான் கிளைத்தது.

பிறகு வந்தவை பெரும்பாலும் குடும்பக் கடைகள். அரிசோனாவின் டூசானில் 1922இல் எல் சாரோ. லாஸ் ஏஞ்சல்ஸில் 1923இல் அலெஹாண்ட்ரோ, ரோசா போர்க்கஸ் தம்பதி தொடங்கி, சீக்கிரமே எல் சோலோ என்று பெயர் மாறிய கடை. ஃபோர்ட் வொர்த்தில் 1935இல் ஜோ டி. கார்சியா; பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்த அந்த வீட்டில் இப்போது ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள், ஆனாலும் இரவு மெனுவில் வெகுகாலம் இரண்டே இரண்டு சாப்பாடுதான். சான் அன்டோனியோவில் 1941இல், சந்தைக்கு விடியற்காலையில் வரும் விவசாயிகளுக்காக மூன்று மேசையோடு தொடங்கிய மி டியெரா. இதில் ஒரு முரண் உண்டு. பொருளாதார மந்தம் கவ்விய 1930களில் அமெரிக்க அரசும் உள்ளூர் நிர்வாகங்களும் மெக்சிக வம்சாவளியினர் லட்சக்கணக்கானோரை எல்லைக்கு அப்பால் அனுப்பின. அவர்களில் அமெரிக்கக் குடிமக்களும் ஏராளம். ஆளை வேண்டாம் என்ற அதே பத்தாண்டில் சாப்பாட்டுக்கு மட்டும் வரிசை நின்றது.

‘மெக்சிகன் சாப்பாட்டுக்கா இவ்வளவு விலை?’ என்ற முணுமுணுப்பை இன்றும் கேட்கலாம். இத்தாலிய உணவகத்தில் ஒரு பிடி பாஸ்தாவுக்கு அதே பணத்தை முணுமுணுக்காமல் கொடுப்பவர்தான் இதைச் சொல்வார். நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருஷ்ணேந்து ராய் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு நாட்டுச் சாப்பாட்டுக்கு மக்கள் எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பார்கள் என்பது, அந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சமூகத்தில் என்ன மதிப்பு என்பதைப் பொறுத்தது என்பது அவர் வாதம். ஜப்பானியச் சாப்பாட்டின் விலை ஏறியதையும் அவர் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்து, டார்ட்டியாவாகத் தட்டிச் சுடுவதில் உள்ள உழைப்பு பாஸ்தாவுக்குக் குறைந்ததில்லை. விலைப்பட்டியலில் மட்டும் அது ஏறவில்லை.

இந்த உணவகத்தை ‘ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கும் இடம்’ ஆக்கியது 1970கள். டெக்சாஸில் மதுவைக் கோப்பைக் கணக்கில் விற்க அனுமதி வந்த சமயம். டல்லாஸில் மரியானோ மார்ட்டினெஸ் என்ற இளைஞர் புதிதாக ஓர் உணவகம் திறந்தார். டெக்கீலாவும் எலுமிச்சையும் கலந்த மார்கரிட்டாவுக்குக் கூட்டம் அலைமோதியது. ஆனால் ஒரு கோப்பை மாதிரி மறு கோப்பை இல்லை என்று வாடிக்கையாளர் குறை சொன்னார்கள், எலுமிச்சை பிழிந்து பிழிந்து மது ஊற்றுபவரும் சலித்துப்போனார். மறுநாள் காலை ஒரு செவன்-இலெவன் கடையில், பிள்ளைகள் வாங்கிக் குடிக்கும் ஸ்லர்பி ஐஸ் பானம் எந்திரத்திலிருந்து ஒழுகுவதைப் பார்த்தார் மார்ட்டினெஸ். அந்த எந்திரம் கிடைக்கவில்லை. பழைய சாஃப்டி ஐஸ்கிரீம் எந்திரம் ஒன்றைப் பிடித்து மாற்றினார். மது சுலபத்தில் உறையாது. எனவே சர்க்கரையையும் தண்ணீரையும் கூட்டிக் குறைத்துப் பதம் பார்க்க வேண்டியிருந்தது. 1971 மே மாதம் அது ஓடத் தொடங்கியது. காப்புரிமை அவர் வாங்கவில்லை, நாடு முழுவதும் நகல் எடுத்தது. அந்த முதல் எந்திரம் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹூஸ்டனில் அதே சமயம் வேறொரு கதை. கணவரை இழந்த நின்ஃபா லாரென்சோ, நஷ்டத்தில் தள்ளாடிய தன் டார்ட்டியா ஆலையின் முன்பகுதியில் 1973இல் பத்து மேசை போட்டார். கரியில் சுட்ட மாட்டிறைச்சியைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, அப்போதுதான் சுட்ட டார்ட்டியாவில் வைத்துக் கொடுத்தார். அந்த இறைச்சி மாட்டின் உதரவிதானப் பகுதி. தெற்கு டெக்சாஸ் பண்ணைகளில் தலை, குடலோடு சேர்த்து வேலையாட்களுக்குக் கூலியின் ஒரு பங்காகத் தள்ளிவிட்ட துண்டு. ஃபஹீட்டா என்ற பெயரில் அது ஊரெல்லாம் பரவியது. 1982இல் ஆஸ்டின் ஹையட் ஹோட்டலின் சமையல் தலைவர், ஜெர்மானியரான ஜார்ஜ் வைட்மன், அதைச் சூடேற்றிய இரும்புத் தட்டில் புகையச் சீறவிட்டு அனுப்பினார். ஒரு மேசைக்குப் போகும் தட்டை எட்டு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். விளம்பரத்துக்குக் காசு செலவில்லை. கூலியாட்களின் துண்டு கசாப்புக் கடையில் விலையேறி, அவர்கள் கைக்கு எட்டாமலே போனது.

1972இல் வெளியான ‘தி குசீன்ஸ் ஆஃப் மெக்சிகோ’ நூலில் டயானா கென்னடி, மெக்சிகோவின் வட்டாரச் சமையலை அமெரிக்கக் கூட்டுத்தட்டிலிருந்து கறாராகப் பிரித்துவிட்டார். அதன்பின், டெக்சாஸ் பாணி மெக்சிகன் சமையலைக் குறிக்கும் ‘டெக்ஸ்-மெக்ஸ்’ என்பது கொஞ்சம் ஏளனமான சொல்லாயிற்று. டெக்சாஸில் ஐந்து தலைமுறையாக வாழும் குடும்பம் சமைப்பது ‘போலி’, லண்டன் பக்கத்துப் பெண்மணி எழுதியது ‘அசல்’ என்ற தீர்ப்பு அவ்வளவு நியாயமானதில்லை. மஞ்சள் சீஸ் உருகி வழியும் என்சிலாடாவுக்கும் நூறு வருட மரபு இருக்கிறது.

சங்கிலி உணவகங்களின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1975இல் மின்னசோட்டாவில் தொடங்கிய சி-சீஸ், ஒரு காலத்தில் 200க்கும் மேற்பட்ட கிளைகளோடு இருந்தது. 2003இல் பென்சில்வேனியாக் கிளையில் வெங்காயத்தாள் வழியே மஞ்சள் காமாலை பரவி நூற்றுக்கணக்கானோர் படுத்தார்கள், சிலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு கடைகள் மூடப்பட்டன. 1993இல் டென்வரில் தொடங்கிய சிபோட்லே, மேசைப் பரிமாறலே இல்லாமல் வரிசையில் நின்று வாங்கும் முறையைக் கொண்டுவந்து, உட்கார்ந்து சாப்பிடும் நடுத்தர விலைக் கடைகளின் வியாபாரத்தில் கை வைத்தது. இன்று நிலைத்து நிற்பவற்றில் பலவும் ஓர் ஊரோடு, ஒரு குடும்பத்தோடு ஒட்டியவை.

ஆகவே ஓர் ஊரில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, சுவர் அலங்காரமும் தொப்பி அணிந்த பாட்டுக்காரர்களும் பதில் சொல்ல மாட்டார்கள். டார்ட்டியாவைக் கண்ணெதிரே தட்டிச் சுடும் கடை, மெனு நீளாத கடை, ஞாயிறு மதியம் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் தாத்தா பாட்டியோடு வரும் கடை: இவற்றை நம்பலாம். சில்லையும் சல்சாவையும் தின்றே வயிற்றை நிரப்பிக்கொள்ளக் கூடாது. சைவம் சாப்பிடும் தமிழர்கள் ஆர்டர் கொடுக்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு, சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம், டெக்சாஸ் சீஸ் என்சிலாடாவின் மேலே ஊற்றும் சில்லி கிரேவியில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும்.