வல்லும் வட்டும்: ஆடுகளத்தில் முதியோரும் இளையோரும்

பலகையாடல் பற்றிய பழந்தமிழ்ச் செய்திகளை ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். நற்றிணையின் 3-ஆம் பாட்டில் வேம்பின் நிழலில் அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுவோர் சிறுவர். புறநானூற்று 52-ஆம் பாட்டிலும் அகநானூற்று 377-ஆம் பாட்டிலும் பொதியிலில் வல்லாடியோர் நரைமூதாளர். சிறுவர்க்கு அரங்கு அன்றன்று கீறப்படுவது. முதியோர்க்கோ அது நிலைத்த இடம், காய் வைத்து வைத்துக் குழிந்து போனது. எனினும் முதியோர் ஆடிய அவ்விடத்தை அவ்விரு பாட்டும் பாழ்பட்ட நிலையிலேயே காட்டுகின்றன. ஒன்றில் அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. மற்றொன்றில் கறையான் அரித்துவிட்டது.

அம்முதியோர் எம்முறைப்படி ஆடினர் என்பதை அப்பாட்டுகள் கூறவில்லை. தொல்காப்பியர் புள்ளிமயங்கியலில் 'வல்' என்னும் சொல்லின்முன் 'நாய்', 'பலகை' என்பன வருங்கால் நிகழும் புணர்ச்சியைக் கூறுகிறார். நாய் என்பது ஈண்டு ஆடுகாய். இலக்கணம் சொல்லைக் காத்தது. ஆட்டத்தின் விதியைக் காத்திலது. அவ்விதி ஆடியோர் வாயில் இருந்தது, அவரோடு போயிற்று.

இஃது ஏதோ தொல்பழங்காலச் செய்தி என்று ஒதுக்கற்பாலதன்று. விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் வட்டத்தைச் சேர்ந்த செட்டியார்பட்டியில் தாயம் ஆடும் மூதாட்டியர் சிலரிடம் விதிகளைக் கேட்டறிந்தோம். தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்காது என்பதில் அனைவரும் ஒன்றுபட்டனர். மலை என்னும் கட்டத்தில் நிற்கும் காயை வெட்டலாகாது என்பதிலும் மாறுபாடு இல்லை. எதிரியின் ஒரு காயையேனும் வெட்டாதவர் பழம் ஏறலாமா என்று வினவியபோதோ, ஒரே தெருவில் இரு விடை கிடைத்தன. ஏறலாகாது என்றார் ஒருவர்; அப்படியோர் விதியைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார் மற்றவர். இருவரும் எண்பது அகவையை நெருங்கியவர். இருவரும் தத்தம் தாயிடம் கற்றவர். அருகிருந்த பேத்தி, "எங்கே எழுதியிருக்கிறது, ஆச்சி?" என்று கேட்டாள். அவள் கைப்பேசியில் லூடோ ஆடிப் பழகியவள். அங்கே விதிக்கு மாறாகக் காய் நகரவே நகராது. ஆதலின் வழக்கிடுவதற்கும் இடமில்லை. தாயத்திலோ ஆட்டத்திற்கு ஒதுக்கிய பொழுதில் பாதி வழக்கிலேயே கழியும். அதுவும் ஆட்டத்தின் பகுதியே என்பது எம் கருத்து.

எழுத்து நுழைந்தால் ஆட்டம் எவ்வாறு மாறும் என்பதற்குப் பரமபதம் நல்ல சான்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்கு அதனை ஆடுதல் தமிழ்நாட்டு வழக்கம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூரை அடுத்த இவ்வட்டாரத்துக்கு அஃது அயலானதன்று. பாம்பின் தலையருகே அசுரர் பெயரும் ஏணியின் அடியில் நற்பண்பின் பெயரும் எழுதிய படங்கள் உண்டு. காய் சறுக்குங்கால் மூத்தவர் அப்பெயரைப் படித்து அவ்வசுரன் கதையையும் சொல்வார். ஆடுவோன் அவ்விரவில் வினைப்பயனால் ஏறியும் இறங்கியும் வீடு நோக்கிச் செல்லும் ஓர் உயிராகிறான். 1892-இல் இவ்வாட்டம் இங்கிலாந்தில் 'பாம்பும் ஏணியும்' என விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அங்கும் அறமும் மறமும் படமாக வரையப்பட்டிருந்தன. பின்னர் அவை உதிர்ந்து எண்களே எஞ்சின. அந்த நூறு கட்டப் பலகையே அச்சாகி நம் சிறுவரிடம் திரும்பி வந்துள்ளது. எண்ணத் தெரிந்த குழந்தைக்கு அதில் மூத்தவர் துணை வேண்டா.

ஆடுவோன் வேறொருவனாக மாறும் ஆட்டம் மேலைநாட்டில் பிற்காலத்தே தனியொரு வகையாக வளர்ந்தது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அத்தகையது. மேசையைச் சூழ்ந்தமர்ந்தோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் தம்மைக் கொண்டு பேச, நடுவர் ஒருவர் கதையை நடத்துவார். ஐயப்பாட்டைப் பகடை தீர்க்கும். முதற்பதிப்பு மூன்று சிறு நூல்களே. அவை சொல்லாது விட்டவை பல. விட்டதை நடுவர் தம் அறிவால் நிரப்பினார். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு விதிகளைப் பெரிதும் விரித்தெழுதியது. நடுவரின் தீர்ப்பை நூல் விழுங்கிற்று என்று பழைய ஆட்டக்காரர் பலர் குறைபட்டனர். 2006 முதற்கொண்டு அவருட் சிலர் பழைய விதிகளைத் தாமே தொகுத்து வெளியிடலாயினர். எழுதா முறையை விரும்பியோரே அதனைக் காக்க நூல் எழுத நேர்ந்தமை நகைக்கத்தக்கது. ஆயினும் வேறு வழியில்லை. 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபின் சேர்ந்த இளையோருட் பலர், பிறர் ஆடுவதை இணையத்தில் கண்டே இதனைக் கற்றனர்.

தாயத்தை எழுதுவோர் அதனினும் கவனமாக எழுதல் வேண்டும். ஒரு நூற்பாவிற்கு இளம்பூரணர் ஒன்றும் நச்சினார்க்கினியர் ஒன்றும் உரைப்பின் இரண்டையும் பதிப்பிக்கிறோம். எது சரி என்று ஒன்றை அழிப்பதில்லை. செட்டியார்பட்டித் தெருவின் இரு விடைகளுக்கும் அதுவே முறை. அவ்விடைகளைக் கூறிய மூதாட்டியர் இருவரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து மணமாகி வந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். ஆகவே விதியுடன், அதைக் கூறியவர் பிறந்த ஊரையும் கற்பித்தவரையும் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. பெண்வழியே விதிகள் ஊர்விட்டு ஊர் சென்ற தடம் அக்குறிப்புகளிலிருந்தே புலப்படும்.