அரண்மனை போச்சு... பள்ளம் இருக்கு!

மயிலாடும்பாறையிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். தேனி மாவட்டம், வருசநாட்டு மலையடிவாரத்தில், வைகைக் கரையில் இருக்கிற ஊர். (கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒரு மயிலாடும்பாறை உண்டு. 4,200 வருடத்துக்கு முந்தைய இரும்பு கிடைத்தது என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அது அந்த ஊர். எங்கள் ஊரில் கிடைப்பதெல்லாம் தண்ணீர்தான். அதுவும் மழை பெய்தால்!)

வந்தது மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க. டாக்டர், "தினமும் மெதுவா நடங்க. படி மட்டும் ரொம்ப ஏறாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். "நடக்கிறதுன்னு ஆகிப்போச்சு. மதுரையத்தான் சுத்திக் காட்டேன்" என்றார் பெரியப்பா.

உட்கார்ந்து திட்டம் போட்டேன். மேடு பள்ளம் இருக்கக்கூடாது. நிழல் வேண்டும். பழைய கட்டடங்கள் வேண்டும். கூடவே கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தண்ணீரும் வேண்டும்! போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன். மதுரையில் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும், அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் கதை இருக்கிறது. நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பாருங்கள். மூன்றரை மணி நேரம் போதும்.

காலை ஏழு மணி. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். சுமார் 1,000 அடி நீளம், 950 அடி அகலம். ஒரு சுற்று சுற்றி வந்தால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். பாதை சமதளம். மூட்டுக்குத் தொந்தரவில்லை.

"இம்மாம் பெரிய குளத்த எதுக்கு வெட்டுனாங்க?" என்றார் பெரியப்பா.

நியாயமான கேள்வி. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623-59) முதலில் நினைத்தது குளத்தை அல்ல, அரண்மனையை. 1636-ல் எழுந்த அந்த மகாலுக்கு லட்சக்கணக்கில் செங்கல் வேண்டியிருந்தது. செங்கல்லுக்கு மண் வேண்டும். மண் எடுத்த இடம்தான் இது என்பார்கள். தோண்டும்போது பிரம்மாண்டமான ஒரு பிள்ளையார் வெளியே வந்தாராம். இன்று மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் அவர்தான் என்பது மதுரையில் எல்லோரும் சொல்லும் கதை.

மண் எடுத்தாயிற்று. பள்ளம் கிடக்கிறது. வேறொருவராக இருந்தால் 'வேலை முடிந்தது' என்று போயிருப்பார். நாயக்கர் நான்கு பக்கமும் கல் படி கட்டினார். நடுவில் மைய மண்டபம் எழுப்பினார். வைகையிலிருந்து தண்ணீர் வரக் கால்வாய் போட்டார். 1645-ல் தெப்பக்குளம் தயார். இன்றைக்கும் தைப்பூசத்தில் மீனாட்சியும் சொக்கரும் இங்கே தெப்பத்தில் வருகிறார்கள்.

டிபனை முடித்துக்கொண்டு காமராஜர் சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்தோம். நடைதான், ஆனால் அவர் மூட்டையும் பார்க்க வேண்டுமே! இறங்கியது விளக்குத்தூண். பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேய கலெக்டரின் நினைவாக வைத்தது. 1840-களில் இவர் காலத்தில்தான் மதுரைக் கோட்டையை இடித்து, சுற்றியிருந்த அகழியைத் தூர்த்தார்கள். ஊர் விரிய இடம் வேண்டும் என்பது காரணம். அந்த இடத்தில் வந்தவைதான் இன்று நாம் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற வெளி வீதிகள். மேற்பார்வை பார்த்த இருவரின் பெயர் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நிலைத்துவிட்டது.

கொஞ்ச தூரம் தெற்கே நடந்தால் திருமலை நாயக்கர் மகால். ஒன்பது மணிக்குத்தான் கதவு திறக்கும். உள்ளே போனதும் பெரியப்பா ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். மூன்று பேர் கைகோத்தால்தான் முடியும்!

"இது மொத்தம் இல்லை பெரியப்பா. கால்வாசிதான்" என்றேன். நம்பவில்லை.

உண்மைதான். நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார். மிஞ்சியதையும் காலம் அரித்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்திருக்காவிட்டால் இதுவும் நமக்கில்லை. பக்கத்துச் சந்தில் 'பத்துத் தூண்' என்று தனியாக நிற்கிறதே, அதுவும் பழைய அரண்மனையின் மிச்சம்தான்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் ஐந்தொகை போட்டுத்தான் பார்ப்பேன். அரண்மனை என்ற சொத்தில் முக்கால் பங்கு தேய்மானத்திலேயே போய்விட்டது. ஆனால் அதற்கு மண் எடுத்த பள்ளம்? முழுசாக இருக்கிறது! பேரனால் தூணைப் பெயர்க்க முடிந்தது. குளத்தைப் பெயர்த்து வண்டியில் ஏற்ற முடியுமா?

ஆனால், அந்தக் குளத்தையும் நாம் கிட்டத்தட்ட தொலைத்தோம் என்பதுதான் வருத்தமான விஷயம். கால்வாய் அடைபட்டுப்போய், பல ஆண்டுகள் தெப்பக்குளம் வறண்டு கிடந்தது. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீரில் மிதக்க வேண்டிய தெப்பம் நிலையாக நின்ற வருடங்களும் உண்டு. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாயைச் சரி செய்து வைகைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். குளம் மறுபடி நிரம்பியது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நாயக்கர் செய்ததையே திரும்பச் செய்தார்கள், அவ்வளவுதான்.

அங்கிருந்து மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். இதுவும் நாயக்கர் கட்டியதே. வெயில் காலத்தில் சாமிக்கு வசந்த உற்சவம் நடத்த எழுப்பிய மண்டபம். சுற்றிலும் தண்ணீர் நிறுத்தத் தொட்டி போல ஒரு பள்ளம் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். அந்தக் காலத்து ஏ.சி.! கரன்ட் பில் கிடையாது.

கடைசியாக வடக்கே யானைக்கல் வழியாக ஆல்பர்ட் விக்டர் பாலம். விக்டோரியா மகாராணியின் பேரன் பெயரில் 1889-ல் திறந்தது. இந்தப் பாலத்துக்கு அருகில்தான் சித்திரா பௌர்ணமியில் கள்ளழகர் ஆற்றில் இறங்குகிறார். முன்பு தேனூரில் நடந்ததை மதுரைக்கு மாற்றி, மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து ஒரே விழாவாக்கியவரும் நாயக்கர்தான் என்பார்கள். இப்போது அழகர் இறங்க வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அந்த அணை, 1959-ல் காமராஜர் காலத்தில் வந்தது.

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா கீழே பார்த்தார். கல் மண்டபம், ஆகாயத்தாமரை, ஓரமாகச் சாக்கடை. பேசாமலே நின்றார்.

"நம்ம ஊரத் தாண்டிப் போகும்போது எப்படி இருக்கும் இந்தத் தண்ணி! கையால அள்ளிக் குடிப்போம். இங்க வந்து இந்தப் பாடு படுதே..."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'வாங்க, காந்தி மியூசியம் போகலாம். அதுவும் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனைதான்' என்று பேச்சை மாற்றினேன். "இன்னொரு நாளைக்கு" என்றுவிட்டார். மூட்டு வலி காரணமில்லை என்று தெரிந்தது.

போன வாரம் அவரிடமிருந்து போன். மலையில் நல்ல மழையாம்.

"தம்பி, ஆத்துல தண்ணி போகுது. இங்கருந்து நல்லபடியா அனுப்பிட்டேன். அங்க கால்வாய்ல அடைப்பு இல்லாமப் பாத்துக்கங்கப்பா. தைப்பூசத்துக்குப் பேரனக் கூட்டிக்கிட்டு வர்றேன்!"