'குரோனிக்' என்னும் சொல்லும் நீலகிரியின் அரிவாள் செல் சோகையும்

நெடுநாள் நீடிக்கும் நோயைக் குறிக்கும் 'குரோனிக்' என்னும் ஆங்கிலச் சொல், காலம் என்று பொருள்படும் 'குரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதனை 'நாள்பட்ட' என்பர். திடீரெனத் தோன்றும் நோயை 'அக்யூட்' என்பர். பேச்சு வழக்கில் 'குரோனிக்' என்பதற்குக் கடுமையான, தீராத என்றும் பொருள் கொள்வதுண்டு. ஆனால் மருத்துவத்தில் அச்சொல் குறிப்பது நோய் நீடிக்கும் காலத்தையே. அதன் கடுமையை அன்று.

இதற்கு நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படும் அரிவாள் செல் சோகை நல்ல எடுத்துக்காட்டு. இந்நோயில் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, நுண்குழாய்களை அடைக்கின்றன. 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இதனை முதன்முதலில் விவரித்தார். இந்தியாவில் 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரிடம் இப்பண்பைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இது கண்டறியப்பட்டது.

முதுமலைக் காட்டில் மோயாற்றங்கரையில் அமைந்துள்ள தெப்பக்காட்டைச் சூழ்ந்த பகுதிகள் முன்னாளில் மலேரியாவுக்குப் பேர்போனவை. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பதை ஆந்தனி அலிசன் 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வால் காட்டினார். மலேரியா மிகுந்த நிலங்களில் இம்மரபணு தலைமுறைகளாக நிலைத்ததற்கு இதுவே காரணம்.

அவ்வாறு ஒரு மரபணுவை மட்டும் உடையவர் 'தாங்கி' எனப்படுவார். அந்நிலை வாழ்நாள் முழுதும் இருப்பினும், அவர் பொதுவாக நோயாளி அல்லர். தாய், தந்தை இருவரும் தாங்கிகளாயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. நோயுற்றவருக்குச் சோகை நாள்பட்டது. இடையிடையே எழும் கடும் வலி 'அக்யூட்' வகையைச் சேர்ந்தது. ஒரே உடலில் இரு சொற்களும் பொருந்துகின்றன. வலி தணிந்ததும் நோய் நீங்கிவிட்டதாகக் கருதிச் சிகிச்சையை நிறுத்துவது ஆபத்தானது.

நடுவண் அரசு 2023 சூலை 1 அன்று தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 2047-ஐ இலக்காண்டாகக் கொண்டுள்ளது. ஏடுகளில் இந்தியாவில் இந்நோயின் வரலாறு 1952-இல் தொடங்குகிறது. மலைவாழ் குடும்பங்களோ பெயர் தெரியாமலே இதனைப் பல தலைமுறைகளாகச் சுமந்து வந்துள்ளன. 'நாள்பட்ட' என்ற சொல்லில் அந்தக் காலமும் அடங்கும்.