அரசு வழக்கறிஞரும் அமைச்சரின் மானமும்: திருவிதாங்கூர் முதல் தமிழ்நாடு வரை பத்திரிகை மீதான அச்சுறுத்தல்

முன்னுரை

1910 செப்டம்பர் 26 அன்று திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளின் ஆணைப்படி ‘சுதேசாபிமானி’ இதழின் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. இதழாசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை கைதாகி, போலீஸ் காவலுடன் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விடப்பட்டார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியையும் அவரது நிர்வாகத்தையும் விடாமல் சாடியதுதான் அவர் செய்த குற்றம். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. 1916இல் கண்ணூரில் இறக்கும்வரை அவர் திருவிதாங்கூருக்குத் திரும்பவே இல்லை. இன்று குமரி மாவட்டத்தில் உள்ள, மண்டைக்காடும் குளச்சலும் இரணியலும் அடங்கிய கல்குளம் வட்டாரம் அன்று அந்த ராஜ்யத்தின் ஒரு பகுதி. திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பழைய சாலையும் நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாக நாஞ்சில் நாட்டைக் கடந்துதான் போகிறது.

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ராமகிருஷ்ண பிள்ளைக்குக் கிடைக்காத நீதிமன்றம் இன்று எந்தச் செய்தியாளருக்கும் உண்டு. அந்த நீதிமன்றத்துக்கு வரவழைப்பதையே தண்டனையாக்கும் வழி ஒன்றும் கூடவே சட்டத்தில் இருக்கிறது. அமைச்சர் ஒருவரின் மானத்துக்காக அரசு வழக்கறிஞரே, அரசுச் செலவில், செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுக்கலாம் என்கிற விதியே அந்த வழி. தமிழ்நாட்டில் பத்திரிகைகள் மீதான அச்சுறுத்தலின் ஆணிவேர் இந்த விதிதான் என்பதும், ஆட்சிக்கு ஆட்சி வழக்குகளை வாபஸ் பெறுவதால் அது அறுபடாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திருவிதாங்கூர் விட்டுச்சென்ற பாடம்

1910இன் நாடுகடத்தல் அப்பட்டமான அதிகாரச் செயல். அதன் பிறகு சமஸ்தானம் நயமான வழிகளைக் கற்றுக்கொண்டது. 1926இல் வந்த செய்தித்தாள் சட்டம் பத்திரிகையின் உயிரை அரசு தரும் உரிமத்தோடு கட்டிப்போட்டது. 1938 செப்டம்பரில், திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில், ‘மலையாள மனோரமா’வின் உரிமம் ரத்தாகி அச்சகம் பூட்டப்பட்டது. அதே ஆண்டில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி வீழ்ந்தது. மனோரமா ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை அந்த வங்கி தொடர்பான வழக்கில் சிறை சென்றார். 1947 நவம்பரில்தான் மனோரமா மறுபடி திருவிதாங்கூரில் வெளிவந்தது.

இந்த மூன்று நிகழ்வுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆளைப் பிடிப்பதிலிருந்து அச்சகத்தைப் பிடிப்பதற்கும், அங்கிருந்து பணத்தைப் பிடிப்பதற்கும் அதிகாரம் நகர்ந்திருக்கிறது. எழுதியது பொய்யா மெய்யா என்ற கேள்வி இம்மூன்றிலும் எழவே இல்லை. எழுதுவதன் விலையை ஏற்றிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையே இராது. பிற்காலத்து அவதூறு வழக்குகள் இதே தர்க்கத்தில்தான் நிற்கின்றன.

சட்டமன்றமே நீதிபதியான காலம்

தமிழ்நாட்டில் கையிலெடுக்கப்பட்ட ஆயுதங்களில் ஒன்று சட்டமன்ற உரிமைமீறல். 1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பகடி செய்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன். நாடெங்கும் எதிர்ப்பு எழ, சில நாட்களில் பாலசுப்ரமணியன் விடுவிக்கப்பட்டார். அவர் அதோடு விடாமல் வழக்குத் தொடுத்து வென்றார்; உயர்நீதிமன்றம் வழங்கிய இழப்பீடு 1,000 ரூபாய்.

2003 நவம்பர் 7 அன்று, பேரவைத் தலைவர் கா. காளிமுத்து காலத்தில், ‘தி இந்து’வின் ஆசிரியர் என். ரவி, மாலினி பார்த்தசாரதி உள்ளிட்ட ஐவருக்கும் ‘முரசொலி’ ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை என்று அவை தீர்மானித்தது. முதல்வர் ஜெயலலிதாவின் சட்டமன்றப் பேச்சு குறித்த செய்திகளும் ஒரு தலையங்கமும் ‘தி இந்து’ செய்த குற்றம். அந்தத் தலையங்கத்தை எடுத்து வெளியிட்டது ‘முரசொலி’ செய்த குற்றம். மூன்றே நாளில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

உரிமைமீறலில் ஆட்சியாளருக்கு ஒரு சங்கடம் உண்டு. எல்லாம் பட்டவர்த்தனமாக நடக்கும், ஊர் திரண்டுவிடும், டெல்லி வரை செய்தி போகும். அவதூறு வழக்கில் அந்தச் சங்கடம் கிடையாது. சம்மன் சத்தமில்லாமல் வருகிறது, வாய்தா ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது, யாரும் கூடுவதில்லை.

அவதூறு வழக்கு எப்படி வேலை செய்கிறது

சாதாரணக் குடிமகன் ஒருவர் தன் மானம் கெட்டது என்று கருதினால் தாமே குற்றவியல் நடுவர் முன் புகார் கொடுக்க வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அமைச்சருக்கும் அரசு ஊழியருக்கும் வேறு பாதை. அரசு அனுமதி ஆணை பிறப்பித்தால் போதும், அரசு வழக்கறிஞர் நேரடியாகச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்வார். 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 198பி பிரிவாக வந்த இந்த விதி, 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 199(2) ஆனது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 222(2) ஆகத் தொடர்கிறது. குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை.

மண்டைக்காட்டையும் சுற்றுவட்டாரத்தையும் கவனிக்கும் ஒரு பகுதிநேர நிருபரை நினைத்துப் பாருங்கள். பக்கத்து மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை, இனயம் துறைமுகத் திட்டம், ஒக்கிப் புயலில் கடலில் மாண்ட மீனவர்கள் என்று இந்தக் கரையின் எந்தச் செய்தியை எழுதினாலும் அது ஓர் அமைச்சரிடமோ அதிகாரியிடமோ போய் முட்டும். வழக்கு வந்தால் ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சிடுபவர், நிருபர் என நால்வர் பெயரிலும் சம்மன் வரும். நாகர்கோவில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். வர முடியாவிட்டால் விலக்கு மனு போட வேண்டும். வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வக்கீல் கட்டணம் உண்டு. எதிர்த்தரப்பில் இருப்பவருக்குக் கருவூலத்திலிருந்து சம்பளம் வந்துவிடும். புகழுக்குப் பங்கம் வந்ததாகச் சொல்லும் அமைச்சருக்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு காசு செலவில்லை. நியாயமான முகாந்திரமே இல்லாமல் தொடுக்கப்பட்ட வழக்கு என்று நீதிமன்றம் கண்டால் குற்றம்சாட்டப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லலாம் என்றும் பழைய சட்டத்தில் இருந்தது. அதன் உச்சவரம்பு 1,000 ரூபாய்.

ஆகவே இந்த வழக்குகளில் அரசு ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை, இழுத்தடித்தால் போதும். அடுத்த செய்தியை அனுப்பும்முன் நிருபர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார், ஆசிரியர் ‘எதுக்கு வம்பு’ என்று ஓரம் கட்டுவார். அங்கேயே வழக்கின் நோக்கம் நிறைவேறிவிட்டது.

எண்கள் சொல்வது

2016 ஜூலையில் அவதூறு வழக்கொன்றில் திருப்பூர் நீதிமன்றம் தேமுதிக தலைவர் விஜயகாந்துக்கும் அவர் மனைவி பிரேமலதாவுக்கும் பிடிவாரண்டு பிறப்பித்தபோது விவகாரம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. வாரண்டுக்குத் தடை விதித்த நீதிமன்றம், அவதூறு வழக்குகளின் பட்டியலைத் தமிழக அரசிடம் கேட்டது. ஐந்து ஆண்டுகளில் 213 வழக்குகள் என்று அரசே ஒப்புக்கொண்டது. அவற்றில் 85 திமுகவினர் மீதும், 48 தேமுதிகவினர் மீதும், 55 ஊடகங்கள் மீதும் போடப்பட்டவை. பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். இத்தனைக்கும், குற்றவியல் அவதூறுச் சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதே என்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. ஆயுதத்தைச் செல்லும் என்று சொல்லிவிட்டு, அதை வீசுபவரைக் கடிந்துகொண்டது நீதிமன்றம்.

2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், ‘தி இந்து’, ‘நக்கீரன்’ உள்ளிட்ட இதழ்கள் மீது ஜெயலலிதா ஆட்சியில் போடப்பட்ட வழக்குகளை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தார். தனிமனிதரைப் போல அரசு சட்டென்று கோபப்படக் கூடாது, பெற்றோர் நிலையில் நின்று பொறுக்க வேண்டும் என்றும், அரசு அனுப்பியதை அப்படியே நீதிமன்றத்தில் சேர்க்கும் தபால்காரராக அரசு வழக்கறிஞர் இருக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. அருமையான தீர்ப்புதான். ஆனால் அது வருவதற்குள் அவற்றில் பல வழக்குகளுக்கு ஏழெட்டு வயதாகியிருந்தது. ஜெயலலிதாவும் காலமாகி மூன்று ஆண்டு கடந்திருந்தது.

2021 ஜூலையில் மு.க. ஸ்டாலின் அரசு ஊடகங்கள் மீதான சுமார் 90 அவதூறு வழக்குகளை வாபஸ் பெற உத்தரவிட்டது. வரவேற்க வேண்டிய செயல். ஆயினும், அரசு மனம் வைத்தால் வழக்கு போகும் என்பதற்குள் அரசு மனம் வைத்தால் வழக்கு வரும் என்பதும் அடக்கம். 1910இல் மகாராஜாவின் விருப்பம் எதுவோ அதுவே சட்டம். 2021இல் ஆளுங்கட்சியின் நல்லெண்ணம் சட்டத்தின் இடத்தில் நின்றது.

பூட்டிய கதவும் திறந்த கதவும்

இந்திய அவதூறுச் சட்டத்திலுள்ள பெரிய முரண் தமிழகத்து வழக்கு ஒன்றால் வெளிப்பட்டது. 1994இல் மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தபோது, அதை நிறுத்தச் சொல்லிச் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து மிரட்டும் தொனியில் ஒரு கடிதம் வந்தது. இதழ் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டியும் எஸ்.சி. சென்னும் மூன்று கோட்பாடுகளை வகுத்தார்கள். வெளியீட்டுக்கு முன்பே அதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. அரசு ஊழியர் தமது பணி குறித்து வந்த செய்திக்காக நஷ்டஈடு கேட்டால், அது பொய்யென்று தெரிந்தோ உண்மையை அறிய அக்கறையில்லாமலோ வெளியிடப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும்.

பணம் கேட்டு வருவதற்கான கதவு இப்படிப் பூட்டப்பட்டது. சிறைக்கு அனுப்பக் கேட்டு வருவதற்கான கதவு மட்டும் 199(2) வழியே திறந்தே கிடந்தது. ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாத அரசு, தன் அமைச்சருக்காக இரண்டு ஆண்டு சிறை கேட்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு எந்த நியாயமும் கிடையாது. அமைச்சரின் அலுவல்பணிக்கும் சொல்லப்பட்ட அவதூறுக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்று கே.கே. மிஸ்ரா வழக்கில் 2018இல் உச்சநீதிமன்றம் வரம்பு கட்டியது. அலுவல்பணியைப் பற்றிய விமர்சனத்துக்குத்தான் மிக அதிகப் பாதுகாப்பு தேவை என்பதால், அந்த வரம்பு முரணை மேலும் கூர்மையாக்கவே செய்கிறது.

மறுப்புகளும் பதில்களும்

பத்திரிகை என்றால் எல்லாம் பரிசுத்தமா என்று கேட்கலாம். மிரட்டிக் காசு பறிக்கும் மஞ்சள் பத்திரிகைகள் ஊருக்கு ஊர் உண்டு. அதனால் பாதிக்கப்பட்ட அமைச்சர் உரிமையியல் நீதிமன்றத்தில், தம் சொந்தச் செலவில், ராஜகோபால் வழக்கு வகுத்த அளவுகோலின்படி நிவாரணம் தேடலாம். இந்தியப் பத்திரிகை மன்றத்திடமும் முறையிடலாம். மிரட்டிப் பணம் பறிப்பதைத் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவே இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு மண்டைக்காட்டுக்கு நெருக்கமானது. 1982 மார்ச் 1 அன்று, மாசிக் கொடைவிழா நேரத்தில் அங்கு மூண்ட மத மோதலும் துப்பாக்கிச் சூடும் அதைத் தொடர்ந்த கலவரமும் நீதிபதி வேணுகோபால் ஆணையத்தின் விசாரணை வரை போயின. கட்டுப்பாடற்ற எழுத்து ஊரைக் கொளுத்திவிடாதா என்ற கவலை இங்குள்ளவர்களுக்குப் புத்தகத்தில் படித்து வந்ததல்ல. மதப்பகையைத் தூண்டும் எழுத்தைத் தண்டிக்க வேறு பிரிவுகள் இருக்கின்றன. அமைச்சரின் புகழைக் காக்கும் விதிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. சொல்லப்போனால், நம்பத்தகுந்த நிருபர் வாயடைத்துக் கிடக்கும் ஊரில்தான் வதந்திக்குக் கால் முளைக்கிறது.

சட்டத்தை எடுத்துவிட்டால் அச்சுறுத்தல் நின்றுவிடுமா என்பது மூன்றாவது மறுப்பு. நின்றுவிடாது. இலங்கை 2002இல் குற்றவியல் அவதூறை ஒழித்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் 2000இல் தண்டிக்கப்பட்ட ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொலையானார். அதே ஆண்டு ஜெ.எஸ். திசைநாயகம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 20 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். சிங்கப்பூரில் சிறைக்கு அவசியமே எழவில்லை: தமிழ் மொழி வாரத்தை நடத்தியவர்கள் குறித்துத் தொழிலாளர் கட்சி இதழில் 1995இல் வந்த ஒரு தமிழ்க் கட்டுரைக்காகத் தொடர்ந்த நஷ்டஈட்டு வழக்கு, ஜே.பி. ஜெயரத்தினத்தை 2001இல் திவாலாக்கி நாடாளுமன்ற இருக்கையையும் பறித்தது. இங்கும் 2007 மே 9 அன்று மதுரை ‘தினகரன்’ அலுவலகத் தாக்குதலில் மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். 2018 அக்டோபரில் ஆளுநர் மாளிகையின் புகாரில் ‘நக்கீரன்’ கோபால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஆவது பிரிவில் கைதானார். எழும்பூர் நடுவர் அவரைக் காவலில் வைக்க மறுத்தார். 2025 பிப்ரவரியில் பிரதமர் மோடியைப் பற்றிய கேலிச்சித்திரத்துக்குப் பின் ‘விகடன்’ இணையதளம் முடக்கப்பட்டது. ஒரு வழி அடைபட்டால் அதிகாரம் வேறு வழி தேடும் என்பதை இவை காட்டுகின்றன. திறந்திருக்கும் வழியை அடைக்காமல் விட இது காரணமாகாது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, 222(2) பிரிவை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். மானம் கெட்டதாகக் கருதும் அமைச்சர் மற்றக் குடிமக்களைப் போலத் தாமே வழக்காடட்டும். இரண்டாவது, அதுவரை மாநில அரசு அனுமதி ஆணை பிறப்பிக்கும்முன் பத்திரிகைக்கு விளக்கம் தர வாய்ப்பளிப்பதையும், ஒவ்வோர் ஆண்டும் இவ்வழக்குகளின் பட்டியலையும் செலவையும் சட்டமன்றத்தில் வைப்பதையும் விதியாக்க வேண்டும். அதற்கு டெல்லியின் தயவு தேவையில்லை. மூன்றாவது, பொய்வழக்கு என்று நிரூபணமானால் இழப்பீடு எட்டு ஆண்டு அலைச்சலுக்கு ஈடாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இத்தகைய மிரட்டல் வழக்குகளுக்கு எதிராக ஒரு நெறிமுறையை இயற்றியிருக்கிறது. இறக்கும்போது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளைச் சுமந்திருந்த மால்டா பத்திரிகையாளர் டாஃப்னி கரவானா கலீசியாவின் 2017ஆம் ஆண்டுக் கொலையே அதற்குத் தூண்டுதல்.

எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது அவதூறு வழக்குகளைக் கண்டிக்காத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. ஆட்சியில் இருக்கும்போது அந்தப் பிரிவை நீக்கக் கோரிச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றும் கட்சியே பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளது.